கடிதம் கேட்காத நூலகம்: மட்டக்களப்பிலிருந்து ஒரு பயனாளர் மதிப்பீடு

மொழி, இலக்கியம், வரலாறு, சடங்கு, கலை ஆகிய மனிதப் பண்பியல் துறைகளில் ஆய்வு செய்வோருக்குக் கைகொடுப்பதாகச் சொல்லும் நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றை அளக்க நான் வைத்திருக்கும் கோல் ஒன்றுதான்: வாசலுக்கு வருபவரிடம் அந்நிறுவனம் முதலில் என்ன கேட்கிறது என்பது. "எந்தப் பல்கலைக்கழகம்?" என்று கேட்பவை ஒரு வகை, "என்ன தேடுகிறீர்கள்?" என்று கேட்பவை இன்னொரு வகை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இந்த வேறுபாடு ஓர் ஆய்வு நடக்குமா நடக்காதா என்பதையே தீர்மானித்துவிடும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும், கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஆனாலும் ஊர் வரலாறு எழுதுபவர்களையும், கூத்துப் பிரதிகளைத் தேடிப் பதிப்பிப்பவர்களையும், கோயில் கல்வெட்டுப் பாடல்களை ஒப்புநோக்குபவர்களையும் எண்ணிப் பார்த்தால், அவர்களில் பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகவும் கலாசார உத்தியோகத்தர்களாகவும் வண்ணக்கர்களாகவும் (கோயில் நிர்வாகிகள்) கூத்துப் பழக்கும் அண்ணாவிமாராகவும் இருப்பதைக் காணலாம். கடிதத் தலைப்பு அச்சிட்ட தாள் அவர்களிடம் இல்லை. இந்த மதிப்பீடு முதன்மையாக அவர்களுக்காக எழுதப்படுகிறது.

நான் எடுத்துக்கொண்டது நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகச் சேவை. "நூலகம் டொட் ஓர்க்" என்று சொன்னால் ஆய்வு செய்யும் எவருக்கும் தெரியும். 2005ஆம் ஆண்டில் தன்னார்வலர்களின் முயற்சியாகத் தொடங்கிய இச்சேவை, இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்கள் தொடர்பான நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், துண்டுப் பிரசுரங்கள், சிறப்பு மலர்கள், நினைவு மலர்கள் என இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களை இன்று கொண்டிருக்கிறது. கட்டணம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை, கடவுச்சொல்லும் கேட்பதில்லை. என்னுடைய தேவை கண்ணகி வழிபாடு சார்ந்தது. வைகாசியில் திருக்கதவு திறப்பது, கல்யாணக்கால் நடுவது, கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரை படிப்பது, அம்மனைக் குளிர்விக்கும் குளுத்தி பாடுவது என்று தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் ஆகிய ஊர்களில் நடைபெறும் சடங்கின் வரிசை ஊருக்கு ஊர் எவ்வாறு மாறுகிறது என்பதைப் பழைய அச்சுச் சான்றுகளைக் கொண்டு பார்க்கவே இத்தளத்துக்குப் போனேன்; இப்போதும் போய்க்கொண்டிருக்கிறேன்.

தளத்தின் பக்க அமைப்பைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அதன் பலம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனிப் பக்கம் உண்டு. அதன் மேற்பகுதியில் நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்களின் தொகை ஆகியவை சிறு அட்டவணையாக நிற்கின்றன. அதன் கீழே "வாசிக்க" என்ற தலைப்பில் பிடிஎப் கோப்பு அதன் அளவோடு தரப்பட்டிருக்கும். பல ஆவணங்களுக்கு அதனருகிலேயே எழுத்துணரியாக்கம் (பக்கப் படத்திலுள்ள அச்சைக் கணினி எழுத்தாக மாற்றிய பாடம்) என்ற இன்னோர் இணைப்பும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, பல பக்கங்களில் "உள்ளடக்கம்" என்ற பகுதி உண்டு: நூலின் அல்லது சஞ்சிகையின் பொருளடக்கம் முழுவதையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறார். இந்த உழைப்பின் அருமை வெளியாருக்குத் தெரியாது. நாற்பது கட்டுரைகள் கொண்ட ஒரு மலரில் இருபத்தேழாவது கட்டுரை "எங்கள் ஊரில் கொம்பு விளையாட்டு" என்று இருந்தால், அந்த மலரின் பெயரே தெரியாத ஒருவர் "கொம்பு விளையாட்டு" என்று தேடும்போது அது கைக்கு வருவது இந்தத் தட்டச்சினால்தான். பெரிய பல்கலைக்கழக நூலகங்களின் பட்டியல்கள்கூட மலரின் தலைப்போடு நின்றுவிடும். உள்ளே எவர் என்ன எழுதினார் என்று சொல்லாது.

சிறப்பு மலர்கள் என்ற வகையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நூல் என்று எவரும் மதிக்காத இந்த வெளியீடுகளில்தான் கிழக்கின் சமூக வரலாறு கிடக்கிறது. கோயிற் கும்பாபிஷேக மலர் ஒன்றைத் திறந்தால் முதற் பக்கங்களில் வாழ்த்துரைகள் வரும், அவற்றைத் தள்ளிவிடலாம். நடுவில் கோயில் வரலாறு என்று ஒரு கட்டுரை இருக்கும். அதையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலும் ஒருவர் எழுதியதை அடுத்தவர் வழிமொழிந்திருப்பார். உண்மையான செல்வம் பின்பகுதியில் இருக்கிறது. எந்த நாள் திருவிழா எந்தக் குடிக்கு உரியது, அந்த ஆண்டு வண்ணக்கர்களாக இருந்தவர்கள் எந்தெந்தக் குடியைச் சேர்ந்தவர்கள், எந்த ஊரார் எதற்குப் பணம் கொடுத்தார்கள் என்ற பட்டியல்கள் அங்கே வருகின்றன. தாய்வழியில் செல்லும் குடிமுறை மட்டக்களப்புச் சமூக அமைப்பின் அச்சாணி என்பதை அறிந்தவர்களுக்கு, இத்தகைய பட்டியல்கள் ஒரே கோயிலுக்கு இருவேறு தசாப்தங்களில் கிடைத்தால் அவை என்ன சொல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கடைசிப் பக்கங்களில் விளம்பரங்கள் இருக்கும்: நகைக்கடை, புடவைக்கடை, அரிசி ஆலை, படப்பிடிப்பு நிலையம். அவற்றையும் விடாமல் வருடியிருக்கிறார்கள் (ஸ்கேன் செய்திருக்கிறார்கள்). அட்டையில் கட்டுக்கம்பி துருவேறிய கறை, முன்பு வைத்திருந்தவரின் ஊதா மைக் கையொப்பம், வாசிகசாலை முத்திரை ஆகியவையும் படத்தில் அப்படியே தெரிகின்றன. ஒரு பிரதி எந்த ஊர் வாசிகசாலையிலிருந்து எந்தக் கைகள் வழியாக வந்தது என்று அறிய விரும்புபவருக்கு அந்த முத்திரையே சான்று.

நூல்களைப் பொறுத்தவரை, மட்டக்களப்பு ஆய்வு செய்யும் எவரும் தொடங்கும் இரு நூல்கள் உள்ளன: எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த "மட்டக்களப்பு மான்மியம்", வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட "மட்டக்களப்புத் தமிழகம்". இவை அச்சில் கிடைத்த காலத்தில் வாங்கியவர்களின் வீடுகளில் மட்டுமே இருந்தன. அந்த வீடுகளில் பலவற்றை 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியும், பின்னர் போரும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையும் சூறையாடிவிட்டன. இன்று களுவாஞ்சிகுடியில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருத்தி கையடக்கத் தொலைபேசியில் இவற்றை விரித்துப் படிக்கலாம். அண்மைக் காலத்தில் மட்டக்களப்பிலிருந்து வெளிவந்த "செங்கதிர்", "மகுடம்" போன்ற சஞ்சிகைகளின் இதழ்களும் தளத்தில் இருப்பதால், பழைய நூல் சொன்னதைப் புதிய கட்டுரை எங்கே மறுக்கிறது என்று ஒரே இருக்கையில் ஒப்பிடவும் முடிகிறது.

இனிக் குறைகள். எழுத்துணரியாக்கம் புதிய கணினி அச்சில் நன்றாகவே வேலை செய்கிறது. பழைய ஈய அச்சில் தடுமாறுகிறது. இது தமிழ் எழுத்துணரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நோய். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, றா, னா வடிவங்களைக் கண்டால் இயந்திரம் வேறெதையோ எழுதிவிடும். "ண", "ன" மயங்கும். கால் "ர" ஆகும். மை பரவிய இடத்தில் புள்ளி இல்லாத எழுத்துக்குப் புள்ளி முளைக்கும். ஆகவே, நூலினுள்ளே ஒரு சொல்லைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அந்தச் சொல் நூலில் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டாவது குறை, ஆசிரியர் பெயர்களின் பன்மை. முதலெழுத்து முன்னால் வருவது, பின்னால் வருவது, சு, சி என்று மாறுவது, சுவாமி, பண்டிதர், புலவர் என்ற அடைகள் சேர்வது, நீங்குவது ஆகியவற்றால் ஒருவரே இரண்டு மூன்று பேராகத் தோன்றக்கூடும். "ஆளுமை" என்ற பெயரில் தளம் வைத்திருக்கும் வாழ்க்கைக் குறிப்புப் பக்கங்கள் இச்சிக்கலைப் பெரிதும் தணிக்கின்றன. ஓர் எழுத்தாளரின் பிறந்த ஊர், தொழில், எழுதியவை ஆகியவற்றை அங்கே பார்த்துவிட்டுத் தேடினால் அலைச்சல் குறையும். மூன்றாவது, கோப்புகளின் கனம். படமாக வருடப்பட்ட மலர் ஒன்று பல பத்து எம்பி இருக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வலையமைப்பு நன்றாக இல்லாத ஊரிலிருந்து தரவிறக்குபவருக்குப் பொறுமை வேண்டும். இவை மூன்றும் சேவையைப் பயன்படுத்தாமல் விடுவதற்குரிய காரணங்கள் அல்ல.

பதிப்புரிமை விடயத்தில் இத்தளத்தின் நிதானத்தை நான் பாராட்டுகிறேன், அது எனக்குச் சில வேளைகளில் இடையூறாக இருந்தபோதிலும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி இலங்கையில் ஓர் ஆசிரியரின் உரிமை அவரது ஆயுட்காலத்துக்குப் பின்னரும் 70 ஆண்டுகளுக்கு நீடிக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்து 1947இல் மறைந்த சுவாமி விபுலாநந்தரின் எழுத்துகள் 2017ஆம் ஆண்டு முடிந்ததோடு அந்த எல்லையைக் கடந்துவிட்டன. அவருக்குப் பிற்பட்ட தலைமுறையினர் பெரும்பாலோரின் நூல்களுக்கு எழுத்தாளரின் அல்லது குடும்பத்தினரின் அனுமதி தேவை. அனுமதி தருவதற்குப் பெரிய நடைமுறை எதுவும் இல்லை. ஒரு கடிதம் போதும். தந்தையின் கவிதைத் தொகுதி ஐம்பது பிரதிகளாக மூலையில் கிடப்பதைவிட, அதை எவரும் படிக்கலாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பதே அவருக்குச் செய்யும் சிறந்த நினைவு மலர் என்று பலரிடம் வாதாடியிருக்கிறேன்.

இதே நிறுவனத்தின் "ஆவணகம்" என்ற இன்னொரு தளத்தை அறியாதவர்கள் அதிகம். ஒலிப்பதிவுகள், காணொளிகள், நிழற்படங்கள், வாய்மொழி வரலாற்று நேர்காணல்கள் ஆகியவை அங்கே சேர்கின்றன. எழுத்தை விடப் பாடலிலும் ஆட்டத்திலும் தன்னை வைத்துக்கொண்ட எங்கள் பகுதிக்கு இது நூல்களைக் காட்டிலும் முக்கியமானதாக அமையலாம். வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளின் தருக்களை (பாடல்களை) எழுதிக் காட்டினால் அது எழுத்துதான். அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரியும் சேர்ந்து கேட்டால்தான் வேறுபாடு காதில் விழும். ஆயினும் ஒலிப்பதிவுக்குத் தரும் விபரக் குறிப்பு எவ்வளவு விரிவாக இருக்கிறதோ அவ்வளவுதான் அது ஆய்வுக்கு உதவும். பாடியவர் யார், எந்த ஊர்க் களரி (கூத்தாடும் இடம்), எந்தக் கூத்து, எந்தக் கட்டம் என்ற குறிப்பில்லாத பாட்டு, கேட்க இனிமையாக இருக்கும், சான்றாக நிற்காது.

ஒப்பீட்டுக்கு வருகிறேன். 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து மெய்ப்புப் பார்த்து வெளியிடுகிறது. சொல்லைத் தேட அதைப்போல வசதியானது வேறில்லை; ஆனால் மூலப் பக்கத்தின் படம் கிடைக்காததால் பதிப்பு ஆய்வுக்கு அது போதாது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரைச் சேர்ந்த ஒரு தனிமனிதரின் பெருந்தொகுப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியதையடுத்து 1994இல் உருவானது. அதன் அட்டவணை ஒழுங்கு எவரும் பின்பற்றத்தக்கது. ஈழத்து வெளியீடுகள் சில அங்கே இருக்கின்றன என்றாலும் மட்டக்களப்பிலிருந்து சென்னைக்குப் போய்வரும் செலவை எண்ணும்போது அது ஆயுளில் ஒரு முறை செய்யும் யாத்திரையாகிவிடும். கொழும்பில், 1982இல் தொடங்கப்பட்ட இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் சமூக விஞ்ஞான ஆய்வுக்குப் பெரிய பங்களிப்புச் செய்திருக்கிறது. அங்கு நடப்பதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில். இலங்கைக் கற்கைகளுக்கான அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வு நல்கைகள் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களுக்கானவை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் இயங்கும், மனிதப் பண்பியல், சமூக விஞ்ஞானத் துறைகளுக்கான தேசிய நிலையம் விரிவுரையாளர்களின் முதுதத்துவமாணி, கலாநிதி ஆய்வுகளுக்கு நிதி வழங்கிவந்திருக்கிறது. இவையெல்லாம் தத்தம் நோக்கத்தில் சரியானவையே. செட்டிபாளையத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு அவற்றில் நிதி வழங்குபவற்றின் வாசல் எதுவும் திறவாது என்பது மட்டுமே என் முறைப்பாடு.

முறைப்பாடு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நாட்டின் ஓர் ஆவணக் காப்பகத்தில் (பெயர் வேண்டாம்) பழைய பத்திரிகை ஒன்றின் சில இதழ்களைப் பார்க்க விண்ணப்பித்தபோது, துறைத் தலைவரின் சிபாரிசுக் கடிதம் கேட்டார்கள். எனக்குத் துறையும் இல்லை, தலைவரும் இல்லை. கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் செல்லுமா என்று கேட்டேன்; மேசைக்கு அப்பால் இருந்தவர் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டார். அது பகிடி அல்ல. ஊரில் நான் யார் என்று அறிந்த ஒரே அரச அதிகாரி அவர்தான்.

வெளிநாட்டு நிதியுதவிகளில் தனித்துக் குறிப்பிட வேண்டியது பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழிநிலை ஆவணங்களுக்கான திட்டம். அர்க்கேடியா என்ற அறநிதியத்தின் பணத்தில் இயங்கும் இத்திட்டம், அழியும் நிலையிலுள்ள பழைய ஆவணங்களை அவை இருக்கும் நாட்டிலேயே எண்ணிமப் படமாக்குவதற்கு நல்கை வழங்குகிறது. அதன் விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று: மூலம் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது, எண்ணிமப் பிரதியின் ஒரு படி உள்ளூர் நிறுவனத்திலும் வைக்கப்பட வேண்டும். இந்த விதியின் அறிவு 2023 ஒக்டோபரில் வெளிப்பட்டது. அம்மாதம் பிரித்தானிய நூலகம் பெரும் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி அதன் இணையச் சேவைகள் பல மாதக்கணக்கில் முடங்கின. இலண்டனில் இருப்பதால் பத்திரம் என்று நினைத்தவர்கள் திகைத்தார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது கிட்டத்தட்ட 97,000 நூல்களும் சுவடிகளும் ஓர் இரவில் போனதை அறிந்த எங்களுக்கு, ஒரே இடத்தில் வைத்த ஒரே பிரதி பிரதியே அல்ல என்பதை எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

ஓலை ஏடுகளைப் பொறுத்தவரை நிதியும் கருவியும் இருந்தால் மட்டும் போதாது என்பதைத் தம்பிலுவில் பக்கம் ஒரு வீட்டில் கண்டேன். வழக்குரை ஏடு அந்த வீட்டில் வெள்ளைத் துணியில் சுற்றி மேலே ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. எடுக்கும் முன் கட்டாடியார் (அம்மன் கோயிற் பூசகர்) குளித்து வந்தார். சுற்றை அவிழ்த்தபோது மஞ்சளின் மணமும் வேப்பெண்ணெயின் மணமும் ஒன்றாக வந்தன. ஓரங்கள் பூச்சி தின்று அரைவட்டமாகக் குறைந்திருந்தன. துளையில் கோத்திருந்தது நைலோன் கயிறு. ஒளிப்படக் கருவியைக் கண்டதும் அவர் மறுக்கவில்லை. "படம் எடுங்க மனே, அதுக்கென்ன. ஆனா ஏடு இந்த வளவுக்கு அங்கால போகப்படாது, வைகாசியில அம்மாள் கேப்பா" என்றார். ஆவணவியலாளர்கள் பக்கக்கணக்கில் எழுதிய கொள்கையை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். இத்தகைய ஏட்டை எண்ணிமமாக்க வரும் எந்த நிறுவனமும் மூன்று விடயங்களை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்: ஏட்டை எவர் தொடலாம், எந்தப் பாடற்பகுதி சடங்குக் காலத்துக்கு வெளியே ஒலிக்கலாகாது, வெளியாகும் படத்தில் எந்தக் கோயிலின் பெயர் எவ்வாறு இடப்படும். கருவியோடு வந்து படம் எடுத்துப் போகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. பேசத் தெரிந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

அதனால்தான் உள்ளூர் அமைப்புகளை இந்த மதிப்பீட்டிலிருந்து விலக்க முடியவில்லை, அவற்றின் சேவைக்கு இணைய முகவரி பெரிதாக இல்லாவிட்டாலும். பேராசிரியர் சி. மௌனகுருவின் அரங்க ஆய்வுகூடம், கூத்தை அரங்கேற்றிப் பார்த்தே ஆராயலாம் என்ற முறையை மட்டக்களப்பில் நிலைநிறுத்தியது. சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் நடத்தும் மூன்றாவது கண் உள்ளூர் அறிவுத் திறன் செயற்பாட்டுக் குழு, சீலாமுனையில் கூத்தாடுபவர்களையே ஆய்வின் பங்காளிகளாக்கிக் கூத்து மீளுருவாக்கம் செய்தது. இதில் எனக்குச் சில முடிவுகளோடு உடன்பாடு இல்லை, ஆனால் ஆடுபவரிடம் கேட்டு ஆராய்வது என்ற முறையோடு முழு உடன்பாடு உண்டு. கண்ணகி கலை இலக்கியக் கூடல், ஊர் ஊராகக் கண்ணகி விழா வைத்து அதில் ஆய்வரங்கும் நடத்துகிறது. மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கும் வயோதிபர் எழுந்து, "நீங்க சொல்ற பாட்டு எங்கட ஊர்ல வேற மாதிரி" என்று சொல்லும் இடம் அதுதான். வெளிநாட்டுச் சஞ்சிகையின் இரட்டை மதிப்பாய்வுக்கு நிகரான கண்டிப்பு அந்தப் பின்வரிசையில் இருக்கிறது. ஆனால் அந்த வயோதிபர் சொன்னது எங்கும் பதிவாவதில்லை. ஆய்வரங்கக் கட்டுரைகள் மலராக வரும்போது கூட, கேள்வி பதில் பகுதி அதில் இருப்பதில்லை. இதைப் பதிவு செய்வதற்கு ஒரு கைத்தொலைபேசி போதும்.

மீண்டும் எண்ணிம நூலகத்தின் கிழக்குத் தட்டுக்கு வருவோம். தேடிப் பழகியவர்களுக்கு ஓர் எண்ணம் எழும்: வடக்குக்கு இருக்கும் செழுமை கிழக்குக்கு இல்லையே என்று. யாழ்ப்பாணத்தில் அச்சுக்கூடங்கள் முந்தி வந்தன, அதிகமாகவும் இருந்தன என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் எங்களிடத்தில் இருக்கிறது. பிரதேச செயலகங்கள் கலாசார விழாக்களையொட்டி வெளியிடும் மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள், பள்ளிவாசல் பரிபாலன சபைகளின் அறிக்கைகள், காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஊர்களில் வீட்டுக்குள் இருக்கும், அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்க் கையெழுத்துகள், ஐரோப்பிய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரின் குடும்பக் கடிதங்கள் ஆகியவற்றில் அலுமாரியை விட்டு வெளியே வந்தவை எத்தனை? மலையகம், முஸ்லிம்கள், பெண்கள் என்று பொருள்வாரியான வாசல்களைத் தளம் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே வைப்பதற்குரியதை நாம் கொடுத்தால்தான் அவர்கள் வருடுவார்கள். இச்சேவை பெரும்பாலும் நன்கொடையிலும் தன்னார்வத்திலும் ஓடுவது. அரசாங்க நூலகத்தைக் குறை சொல்வதுபோல இதைச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கொடுக்க விரும்புவோருக்கு அனுபவத்தில் அறிந்த சில குறிப்புகள். மலரை வருடும் முன் கட்டுக்கம்பியைக் கழற்ற வேண்டாம். பிரதி அரியதாக இருந்தால் அட்டை கிழிந்துவிடும். 300 டிபிஐ தெளிவுக்குக் குறைய வேண்டாம். தாள் பழுத்திருந்தால் கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் வண்ணத்திலேயே எடுங்கள், இல்லையேல் பழுப்பு முழுவதும் கறையாகி எழுத்தை விழுங்கும். விளம்பரப் பக்கங்களைத் தவிர்க்காதீர்கள். வெளியீட்டாண்டு அச்சிடப்படாத மலர்களில் வாழ்த்துரைகளின் கீழே திகதி இருக்கும். அதைத் தனித்தாளில் எழுதிச் சேர்த்துவிட்டால் பட்டியலிடுபவருக்கு அரை நாள் வேலை மிச்சம். மூலத்தை அனுப்பிவிட்டு மறந்துவிடாமல், திருப்பித் தர வேண்டுமா என்பதை முதலிலேயே எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பயன்படுத்துவோருக்கு இவ்வளவு: ஊர்ப்பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி நின்றுவிடாதீர்கள். ஆரையம்பதியை ஆரைப்பற்றை என்றும், குளுத்தியைக் குளிர்த்தி என்றும் தேடிப் பாருங்கள். கட்டுரையில் சான்று காட்டும்போது நூலக எண்ணைத் தவறாமல் குறிப்பிடுங்கள். இணைப்பு மாறினாலும் எண்ணைக் கொண்டு தேடி எடுத்துவிடலாம். எழுத்துணரிப் பாடத்திலிருந்து ஒரு வரியைப் பிரதி செய்தால், அதைப் பிடிஎப் படத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பின்னரே மேற்கோளாக இடுங்கள், குறிப்பாகக் குளுத்திப் பாடல்களை. அங்கே ஓர் எழுத்துப் பிசகினால் எதுகை உடைவது இருக்கட்டும், பின்வரிசையில் இருப்பவர் எழுந்து நிற்பார்.